பதினைந்து பட்டம் வாங்கிய அப்பா

என் அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவர் பதினைந்து ஆனர்ஸ் பட்டங்களுக்குச் சொந்தக்காரர் என்பது எங்களுக்கே சமீபத்தில்தான் தெரியவந்தது.

கண்டுபிடித்தவள் என் மகள். கே.ஜி.எஃப். எனும் கோலார் தங்கவயலில், சாம்பியன் லைனில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவள், "என் கிரெடிட் இன்னும் ஏறலப்பா" என்றாள். அப்பாவுக்குக் காது மந்தம். பாறையில் துளை போடும் மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளிய காது. ஆனால் சில சொற்கள் அந்தக் காதிலும் விழும். கிரெடிட் அதில் ஒன்று. மைன்ஸ் மூடிய பிறகு எங்கள் குடும்பம் எத்தனை மாதம் மளிகைக் கடை நோட்டில் வாழ்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"எந்தக் கடையில பாப்பா?"

"கடை இல்ல தாத்தா. பேங்க்கு. படிச்சதையெல்லாம் போட்டு வைக்கிற பேங்க்கு."

"போட்டு வைக்கலாம் சரி. எடுக்க விடுவானுங்களா?"

என் மகள் விழித்தாள். பல்கலைக்கழக மானியக் குழுவை (யு.ஜி.சி.) உட்கார வைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் விழித்துத்தான் இருக்கும்.

2021 ஜூலையில் தொடங்கிய கிரெடிட் வங்கியைப் பற்றித்தான் பேச்சு. ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை இன்னொரு கல்லூரிக்கு மாற்றிக்கொள்ளலாம், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து பிடிக்கலாம், ஒரு வருஷத்தில் கிளம்பினால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். ரயிலில் ஏறி இறங்குவது போல வசதி. சின்ன எழுத்தில் இரண்டு நிபந்தனை மட்டும் உண்டு. பட்டம் கொடுக்கிற நிறுவனத்திலேயே பாதி கிரெடிட்டாவது வாங்கியிருக்க வேண்டும். வங்கியில் போட்ட கிரெடிட்டுக்கு அதிகபட்ச ஆயுள் ஏழு ஆண்டு. அதற்குள் எடுக்காவிட்டால் முதலும் போச்சு. சேட்டு கடையில் அடகு வைத்தால்கூட ஏலத்துக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் வரும்.

மகள் மேலே படித்தாள். 2023-ல் தேசிய கிரெடிட் கட்டமைப்பு என்று ஒன்று வந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,200 மணி நேரம் கற்றால் 40 கிரெடிட், அதாவது 30 மணி நேரத்துக்கு ஒன்று. வகுப்பறையில்தான் கற்க வேண்டும் என்பதில்லை. வேலையில் கிடைத்த அனுபவத்தையும் கணக்கில் எடுக்கலாமாம். 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று அதற்கு அழகான பெயர்.

"அப்போ தாத்தாவுக்கு எவ்வளவு?" என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அப்பா 1971-ல் மைன்ஸில் சேர்ந்தார். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸை மூடியபோது வெளியே வந்தார். ஷிப்ட்டுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 2,400 மணி நேரம். முப்பதால் வகுத்தால் 80 கிரெடிட். நாலு வருஷ ஆனர்ஸுக்கு வேண்டியது 160. ஆக, இரண்டு வருஷத்துக்கு ஒரு பட்டம். முப்பது வருஷத்துக்குப் பதினைந்து.

அப்பா சிரித்தார். சிரிப்பு வழக்கம்போல இருமலில் போய் முடிந்தது. மூச்சு திரும்பியதும், "அங்கி குடுப்பாங்களா?" என்றார்.

கொடுக்க மாட்டார்கள். மதிப்பீடு செய்த பிறகே கிரெடிட் என்று விதி இருக்கிறது. பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற ஆழத்தில், பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் வரப்போகிறதா என்று கல்லின் முனகலை வைத்தே சொல்லத் தெரிந்த ஒரு மனிதரை எந்தப் பேராசிரியர் மதிப்பீடு செய்வார்? அதற்காக யாரும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் செய்தார். நெஞ்சுக்குள் சிலிக்கா தூசி படிந்திருப்பதை அவர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். அப்பா வாங்கிய பட்டங்களிலேயே ஆயுள் முழுக்கச் செல்லுபடியாவது அது ஒன்றுதான். ஏழு ஆண்டு கெடு அதற்குக் கிடையாது.

சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கே.ஜி.எஃப். என்றால் ஒரு சினிமா. எங்களுக்கு அது விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில். சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டிபன் பாக்ஸோடு ஆட்கள் ஏறுவார்கள். பங்காருப்பேட்டை தாண்டும்போது நிற்க இடம் இருக்காது. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஒரு காலத்தில் வேலை காலுக்குக் கீழே இருந்தது. இப்போது நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த ஊரில் பகலில் கல்லூரிக்குப் போய் மரத்தடியில் அரட்டை அடித்துப் பட்டம் வாங்குவது எல்லார் ஜாதகத்திலும் இல்லை. ரயிலில் படித்து, தபாலில் பாடம் வாங்கி, லீவு போட்டுப் பரீட்சை எழுதி, ஒவ்வொரு பேப்பராகத் தாண்டித்தான் எங்கள் ஆட்கள் பட்டதாரி ஆனார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு வழியையும் அரசாங்கம் முதலில் திறந்து வைத்தது. பிறகு நாங்கள் பாதி தூரம் வந்ததும் இழுத்து மூடியது.

எதிர் லைனில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் பிட்டர். ஏ.எம்.ஐ.இ. எழுதினார். இன்ஜினியர்கள் கழகம் நடத்தும் பரீட்சை அது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி இரண்டையும் முடித்தால் பி.இ.க்குச் சமம் என்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. கல்லூரிப் படி ஏறாமல், வேலையை விடாமல் இன்ஜினியர் ஆக ஏழைத் தொழிலாளிக்கு இருந்த ராஜபாட்டை. ஆண்டுக்கு இரண்டு முறை பரீட்சை. அண்ணன் இரும்பு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் டிராயிங் போர்டை வைத்து உட்காருவார். அவர் படிக்கிற ராத்திரிகளில் அந்த லைனில் யாரும் டி.வி. சத்தத்தைக் கூட்ட மாட்டார்கள். பரீட்சை எழுதுவது ஒருவர், பயப்படுவது தெருவே. ஒன்பது வருஷம் ஆனது. பாஸ் செய்தார்.

அண்ணனைப் பார்த்துத் தம்பியும் பணம் கட்டிச் சேர்ந்தான். இடையில் ஓர் உத்தரவு வந்திருந்தது. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் பி.இ. சமானம், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இல்லை. தம்பி சேர்ந்தது 2014-ல். ஒரே டிரங்குப் பெட்டி, ஒரே டிராயிங் போர்டு, ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள். அண்ணன் எழுதினால் இன்ஜினியர், தம்பி எழுதினால் பிட்டர். கணித சூத்திரத்துக்கு மே மாதம் 31-ம் தேதியோடு என்ன பகை என்று நியூட்டனே வந்தாலும் விளக்க முடியாது.

அண்ணன் தப்பித்தார் என்றா நினைக்கிறீர்கள்? பதவி உயர்வுக்குச் சான்றிதழை நீட்டினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் உத்தரவின் முதல் பாதியைப் படித்துவிட்டு, "இதெல்லாம் 2013-லயே ரத்து ஆயிடுச்சே" என்றார். இரண்டாவது பாதியைப் படிக்க வைக்க அண்ணனுக்கு இரண்டு வருஷம் ஆனது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி-க்குப் பிறகு அவர் எழுதிய செக்‌ஷன் சி அது. அதற்கு சிலபஸ் கிடையாது.

இன்னொரு வழி, எல்லை தாண்டிய தமிழ்நாட்டு அஞ்சல் வழிக் கல்வி. திறந்தவெளிப் பல்கலைக்கழக முறை என்று ஒன்று இருந்தது. பிளஸ் டூ வேண்டாம், வயது இருந்தால் போதும், நேராகப் பட்டப்படிப்புக்கு வா என்றார்கள். சில இடங்களில் பி.ஏ. இல்லாமலே எம்.ஏ.வுக்கும் வா என்றார்கள். படிப்பை நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போன ஊருக்கு இதைவிட இனிப்பான அழைப்பு வேறென்ன? 2009 பிப்ரவரியில், முதல் பட்டம் இல்லாமல் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யு.ஜி.சி.யின் 1985-ம் ஆண்டு விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறதாம். இருபத்து நாலு வருஷமாக இருந்த விதி, விளம்பரம் கொடுத்தவர்கள் கண்ணில் படவில்லை, பணம் கட்டினவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்! அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும் ஆணை போட்டது. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும். திறந்தவெளிக்குப் பூட்டுப் போட்ட சாமர்த்தியம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது. அந்த அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புக்கே 2014-15-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை, சேராதீர்கள் என்று 2022-ல் யு.ஜி.சி. பொது அறிவிப்பு விட்டது தனிக்கதை.

சரி, தமிழ்நாட்டை நம்பியதுதான் தப்பு, சொந்த மாநிலத்தில் படிப்போம் என்று மைசூருக்குப் போனவர்கள் உண்டு. கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாநில அரசே சட்டம் போட்டு 1996-ல் தொடங்கியது. பெட்டிக்கடை அல்ல. 2015 ஜூனில் யு.ஜி.சி. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. 2012-13-க்குப் பிறகு இதற்கு அங்கீகாரம் இல்லை. நடந்து முடிந்த இரண்டு கல்வியாண்டுகளைப் பின்னால் திரும்பிப் பார்த்துச் சுட்டார்கள். பல்கலைக்கழகம் எல்லை தாண்டி மையம் திறந்ததாம், அனுமதியில்லாத தொழில்நுட்பப் படிப்பு நடத்தியதாம். குற்றச்சாட்டு பல்கலைக்கழகத்தின் மேல். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே பி.காம். எழுதிய பெண் எந்த எல்லையைத் தாண்டினாள்? 2018-ல் மறுபடி அங்கீகாரம் கொடுத்தார்கள், 2018-19 முதல். நிறுவனம் பிழைத்துக்கொண்டது. நடுவில் விழுந்தவர்கள் அப்போதும் குழிக்குள்ளேயே கிடந்தார்கள். மைன்ஸில்கூட ஆள் உள்ளே இருக்கும்போது லிஃப்ட் கேஜை நிறுத்தினால், மேலே இருக்கிறவன் மேல் கேஸ் போடுவார்கள்.

2017 நவம்பர் 3-ம் தேதி தீர்ப்பு இதற்கெல்லாம் அண்ணன். சேலத்து விநாயகா மிஷன் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்களை உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைப்பு, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் பரீட்சையில் தேறினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அஞ்சலில் இன்ஜினியரிங் படிக்க முடியுமா என்று கோர்ட்டு கேட்டதில் நியாயம் இருக்கிறது. லேப் பக்கமே போகாதவன் கட்டிய பாலத்தில் நானும் நடக்க மாட்டேன். பின்தேதியிட்டு அனுமதி கொடுத்த அதிகாரிகளையும் கோர்ட்டு விடவில்லை, சி.பி.ஐ. விசாரிக்கச் சொன்னது. ஆனால் வேகத்தைப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய, தலை நரைத்த இன்ஜினியர்களுக்கு ஏழே மாதத்தில், 2018 ஜூனில், பரீட்சை வந்துவிட்டது. பிள்ளையின் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அப்பனின் செமஸ்டர் புத்தகம். அனுமதி கொடுத்த கையெழுத்துக்காரர்களில் எத்தனை பேர் பென்சிலைச் சீவிக்கொண்டு பரீட்சை ஹாலில் உட்கார்ந்தார்கள்? ஒருவரும் இல்லை. அவர்களுக்குக் கிரெடிட் தானாக ஏறும். பென்ஷன் என்று அதற்குப் பெயர்.

இவ்வளவும் ஊர்க் கதை. இனி வீட்டுக் கதை.

2021-ல் புதிய தேசியக் கல்விக் கொள்கையை நாட்டிலேயே முதலில் நிறைவேற்றிய மாநிலம் என்று கர்நாடகம் மார் தட்டியது. என் மகள் அந்த ஆண்டுதான் சேர்ந்தாள். நாலு வருஷப் படிப்பு, உலகத்தரம் என்றார்கள். 2023-ல் ஆட்சி மாறியது. 2024 மே மாதம் அரசு உத்தரவு: இனி மூன்று வருஷம்தான். அந்த ஆண்டு என் மகன் சேர்ந்தான். ஆக, ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானை, ஒரே ரயில் பாஸ். மூத்தது ஒரு கொள்கை, இளையது இன்னொரு கொள்கை. அக்காவின் நோட்ஸ் தம்பிக்கு ஆகாது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் விரும்பினால் நாலாம் ஆண்டைத் தொடரலாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். எங்கே தொடர்வது என்று கேட்டுக்கொண்டு மகளும் நானும் ஏறி இறங்கியதில், அலைச்சலுக்குக் கிரெடிட் உண்டென்றால் எனக்கும் ஒரு டிப்ளமோ தேறியிருக்கும். ஒரு கல்லூரியில், "நாலாவது வருஷத்துக்கு ரெண்டே பேர்தான் வந்திருக்கீங்க, நடத்த முடியாது" என்றார்கள். இன்னொன்றில், "அது போன கவர்மென்ட் திட்டம் சார்" என்றார்கள். பாலம், ரோடுதான் போன கவர்மென்ட், இந்த கவர்மென்ட் என்று பிரிந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன். என் மகள் போன கவர்மென்ட் பெண் என்பது அன்றுதான் தெரிந்தது.

நாலு வருஷம் நல்லதா மூன்று வருஷம் நல்லதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. இரண்டு பக்கமும் படித்தவர்கள் பேசட்டும். தங்கம் எடுத்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மைன்ஸில் மேலே வந்த கல்லை நொறுக்கி, அஸ்ஸே ஆபீஸில் சோதித்து, டன்னுக்கு இத்தனை கிராம் என்று எழுதுவார்கள். கிராம் குறைந்தால் கல் வந்த இடத்தைக் குறை சொல்வார்கள், வேறு இடத்தில் தோண்டச் சொல்வார்கள். ஏற்கெனவே உருக்கி, முத்திரை குத்தி அனுப்பிய கட்டியைப் பத்து வருஷம் கழித்துத் திருப்பி வாங்கி, "கிராமுக்கு எடை மாறிவிட்டது, இனி இது பித்தளை" என்று வெள்ளைக்காரக் கம்பெனிகூடச் சொன்னதில்லை. பொன்னைச் சோதிக்க உரைகல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆட்சிக்கு ஓர் உரைகல், சுற்றறிக்கைக்கு ஓர் உரைகல் என்று வைத்துக்கொண்டு, பொன்மேல் பழி போடுகிற ஆசாரியை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

குறை மட்டும் சொல்லக் கூடாது என்பார்கள். எனவே கல்வியில் சிறந்த நம் ஆட்சியாளர்களின் பார்வைக்கு, பதினைந்து பட்டதாரியின் மகன் என்ற தகுதியில் ஒரு வரைவு விதித் தொகுப்பைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

விதி 1: இனி சுற்றறிக்கைகளுக்கும் ஆயுள் ஏழு ஆண்டு. எட்டாம் ஆண்டு, அதை எழுதியவர் அதே சுற்றறிக்கையைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். தவறினால் அரியர்.

விதி 2: ஒரு படிப்பின் அங்கீகாரம் பின்தேதியிட்டு ரத்தானால், அந்தத் தேதியிலிருந்து அந்தத் துறை அதிகாரிகள் வாங்கிய சம்பளமும் பின்தேதியிட்டு ரத்து. திரும்பப் பெற விரும்புவோர் பரீட்சை எழுதலாம். இரண்டு வாய்ப்பு. கருணை மதிப்பெண் கிடையாது.

விதி 3: அமைச்சர்களுக்கும் இடையில் வெளியேறும் வசதி. ஒரு வருஷத்தில் கவிழ்ந்தால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமோ. கட்சி மாறும்போது பழைய கட்சியில் சேர்த்த கிரெடிட்டைப் புதிய கட்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். (இது ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால் தனி அறிவிப்பு தேவையில்லை.)

விதி 4: புதிய கல்விக் கொள்கை கொண்டுவருபவர், தன் சொந்தப் பிள்ளையை முதல் பேட்ச்சில் சேர்க்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் படிப்பதாகச் சொன்னால், வருகைப் பதிவேட்டில் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

விதி 5: மேற்படி விதிகள் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி மாற்றப்படும். பாதிக்கப்படுபவர்கள் ஏன் முன்பே விசாரிக்கவில்லை என்று கேட்கப்படும்.

விதிகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவர் கவனம் சயனைடு மேட்டுப் பக்கம் போய்விட்டது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் அது தெரியும். தங்கம் எடுத்தபிறகு கொட்டிய மண், மலையாகக் குவிந்து கிடக்கிறது. காற்றுக் காலத்தில் சோற்றுத் தட்டுக்கே வந்து விழும். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த மேடுகளில் 13-ஐ மறுபடி தோண்டிச் சலிக்க ஒப்புதல் கொடுத்தது. கழிவென்று கொட்டிய மண்ணில் மிச்சத் தங்கம் இருக்கிறதாம். மே மாதம் பிள்ளைகளின் நாலாம் வருஷத்தை எடுத்தார்கள், ஜூன் மாதம் மண்ணுக்கு மறுமதிப்பீடு கொடுத்தார்கள். முன்கற்றலை அங்கீகரிப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் கொட்டியது என்று யாரும் கேட்கவில்லை. ஏழு ஆண்டு கெடு முடிந்துவிட்டது என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

மகள் இதையும் தாத்தாவிடம் சத்தமாகச் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மண்ணை மேல அனுப்பினதுல நானும் ஒருத்தன். அதுல என் கிரெடிட் எவ்வளவுன்னு உன் பேங்க்குல கேட்டுச் சொல்லு பாப்பா" என்றார். பிறகு இருமத் தொடங்கினார்.